மீண்டும் பணிக்கு வரும் தாதி: ஊதியம் பெறும் உழைப்பும் ஊதியம் பெறாத உழைப்பும்

1. முன்னுரை

தொழிலொன்றை விட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்த ஒருவர் அத்தொழிலுக்கு மீளத் திரும்புதல், தனிமனித வாழ்க்கையின் ஒரு சம்பவமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. துணிவு, தன்னம்பிக்கை, குடும்பத்தாரின் ஒத்துழைப்பு ஆகிய சொற்களாலேயே அது பெரும்பாலும் விளக்கப்படுகின்றது. ஆயின், ஒரு தொழிலைச் சேர்ந்த பல்லாயிரவர் ஏறத்தாழ ஒரே வயதில், ஏறத்தாழ ஒரே காரணத்துக்காக விலகி, ஏறத்தாழ ஒரே நிபந்தனைகளின்கீழ்த் திரும்பி வருவார்களாயின், அவர்தம் மனவுறுதியை ஆராய்வதால் மட்டும் விளக்கம் கிட்டிவிடாது. அத்தொழிலின் அமைப்பையும், அது நிலைகொண்டுள்ள சமூக உறவுகளையும் ஆராய வேண்டியதாகின்றது. தாதியர் தொழில் இத்தகையது.

பிரித்தானியத் தாதியர் தொழிலில் மீள்வருகை எவ்வாறு ஒழுங்குசெய்யப்பட்டு வந்துள்ளது என்பதை விளக்குதலும், அந்த ஒழுங்குமுறையின் அடியில் உள்ள ஒரு முரண்பாட்டை எடுத்துக்காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். பிரித்தானியாவைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்கள் இரண்டு. நவீன தாதியர் பயிற்சியின் முன்மாதிரி ஒன்று அங்கு உருவாகிக் குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் பரவியது என்பது ஒன்று. விலகிச் சென்ற தாதியரை மீள அழைத்தல் அங்கு அரசின் கொள்கையாகவே பலமுறை வெளிப்பட்டுள்ளது என்பது மற்றொன்று.

‘வேலையை விட்டிருந்த காலம்’ என்ற தொடரை முதலிலேயே சற்று நிதானித்து நோக்குதல் நன்று. வைத்தியசாலையை விட்டு நீங்கிய தாதியொருத்தி அக்காலத்திற் செய்தது யாது? குழந்தையை வளர்த்தாள், முதிய பெற்றோரைப் பராமரித்தாள், நோயுற்ற கணவனுக்கோ மாமிக்கோ பணிவிடை செய்தாள். அதாவது ஊதியம் பெறும் பராமரிப்பு வேலையிலிருந்து ஊதியம் பெறாத பராமரிப்பு வேலைக்குச் சென்றாள். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவே இப்பொருளின் மையமாகும்.

2. மணமாகாத பெண்ணின் தொழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் நோயாளரைப் பார்க்கும் பணி கீழ்நிலை வேலையாகவே கருதப்பட்டது. சார்ள்ஸ் டிக்கென்ஸ் 1843, 1844 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட ‘மார்ட்டின் சஸில்விற்’ நாவலில் வரும் திருமதி காம்ப் என்ற குடிகாரத் தாதி இந்நிலையின் கேலிச்சித்திரமாக அமைந்தாள். அக்காலத்திற் கூலிக்கு நோயாளரைப் பார்த்த பெண்களுட் பலர் உழைத்தே உண்ண வேண்டியிருந்த வறியோர் என்பதை அக்கேலிச்சித்திரம் மறைத்துவிட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கிரிமியப் போரின் பின்னர், 1860 ஆம் ஆண்டு, இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிற் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெயரால் ஆரம்பிக்கப்பட்ட பயிற்சிப் பாடசாலை இந்நிலையை மாற்ற முனைந்தது. மத்தியதர வர்க்கப் பெண்களும் கௌரவத்துடன் செய்யத்தக்க தொழிலாகத் தாதிமை மாறியது. ஆயின் அக்கௌரவம் சில நிபந்தனைகளுடனேயே வந்தது. தாதி வைத்தியசாலையைச் சார்ந்த விடுதியில் வாழ வேண்டும். மேற்பார்வைத் தாதியின் கட்டுப்பாட்டுக்குள் அவளது ஓய்வுநேரமும் அடங்கும். அவள் மணமாகாதவளாக இருக்க வேண்டும். மணம் புரிவோர் விலகிவிடுதல் எழுதப்பட்ட விதியாக இல்லாத இடங்களிலும் வழக்காறாக நிலைபெற்றது.

இவ்வமைப்பைப் பற்றி ஈவா கமார்னிக்கோவ் 1978 இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. வைத்தியர், தாதி, நோயாளி என்ற மும்மை உறவு, தந்தை, தாய், பிள்ளை என்ற விக்டோரியாக் குடும்ப உறவின் வார்ப்பிலேயே அமைக்கப்பட்டது என அவர் காட்டினார். இதன் பொருளாதார விளைவை நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாதியின் வேலை தாய்மையின் நீட்சியெனக் கொள்ளப்பட்டதும், அதற்குரிய திறன் பெண்ணின் இயல்பாகிவிடுகின்றது. இயல்பாக உள்ளதற்குக் கூலி அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. நைற்றிங்கேலின் ‘தாதிமை பற்றிய குறிப்புகள்’ என்ற நூல் பயிற்சி பெற்ற தாதியருக்காக எழுதப்பட்டதன்று. வீடுகளிற் பிறர் உடல்நலத்துக்குப் பொறுப்பாக உள்ள பெண்களுக்காகவே எழுதப்பட்டது. எல்லாப் பெண்களும் ஏதோ ஒரு வேளையிற் தாதியரே என்ற கருத்து அதன் முன்னுரையிலேயே இடம்பெறுகின்றது. இக்கருத்துக்கு இரு முகங்கள் உள. வீட்டுப் பராமரிப்பு அறிவு சார்ந்தது என அது கௌரவப்படுத்தியது. அதேவேளை, வைத்தியசாலைப் பராமரிப்பு எப்பெண்ணும் செய்யக்கூடியது என்ற எண்ணத்துக்கும் இடமளித்தது.

இதற்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தவர் எதெல் பெட்போர்ட் பென்விக் ஆவார். இலண்டன் சென்ற் பாதலமியு வைத்தியசாலையின் தலைமைத் தாதியாக 1881 இல், தமது இருபத்துநான்காம் வயதில், நியமனம் பெற்ற அவர், 1887 இல் வைத்தியர் ஒருவரை மணந்து பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே பிரித்தானியத் தாதியர் சங்கத்தைத் தோற்றுவித்து, தாதியருக்கு அரசு அங்கீகாரம் பெற்ற பதிவேடு வேண்டுமெனப் போராடத் தொடங்கினார். தாதிக்கு வேண்டிய ஒழுக்கப் பண்புகளைப் பரீட்சையால் அளக்க முடியாது எனக் கருதிய நைற்றிங்கேல் இதனை எதிர்த்தார். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட போராட்டத்தின் பின்னர், 1919 ஆம் ஆண்டின் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பதிவேடு 1921 இல் திறக்கப்பட்டபோது அதில் முதலாவதாக இடம்பெற்றது பென்விக்கின் பெயரே. மணத்தின் காரணமாக வைத்தியசாலைப் பதவியைத் துறந்து மூன்று தசாப்தங்களுக்கு மேல் ஆகியிருந்த பெண்ணொருவரின் பெயர் முதலாவது பதிவாக அமைந்தமை, அத்தொழிலில் விலகலும் இருப்பும் எவ்வாறு பிணைந்திருந்தன என்பதைக் காட்டும் வரலாற்றுச் செய்தியாகும்.

பதிவேடு பிறந்தமையால் ஒரு புதிய நிலை தோன்றியது. தாதிமை என்பது கற்றுப் பெற்று, பரீட்சையால் நிறுவப்பட வேண்டிய திறன் எனச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் சம்பளத்தைத் தீர்மானித்த சமூக மனோபாவம் பழைய இடத்திலேயே நின்றது. திறன் என்பது ஓர் ஏட்டிலும், இயல்பு என்பது மற்றோர் ஏட்டிலும் பதியப்பட்டன எனலாம்.

3. போரும் மீள்வருகையும்

தொழிலுக்குத் திரும்புவோர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதற்கு இலக்கியச் சான்றொன்றை இங்கு நோக்கலாம். வேரா பிரிற்றன் 1933 இல் வெளியிட்ட ‘இளமையின் சாசனம்’ என்னும் தன்வரலாறு முதலாம் உலகப் போர் பற்றிய நூலாகவே பெரிதும் பேசப்படுகின்றது. அதனைப் பெண்ணுழைப்புப் பற்றிய ஆவணமாகவும் படிக்க இடமுண்டு. ஒக்ஸ்போர்ட் படிப்பை இடைநிறுத்தி 1915 இல் தொண்டர் தாதியாகச் சேர்ந்த பிரிற்றன், இலண்டனிலும் மோல்ற்றாவிலும் பின்னர் பிரான்சில் எற்றாப்பிளிலும் பணியாற்றினார். 1918 இல், தாய் நோயுற்றமையால் வீட்டுப் பொறுப்பை ஏற்க வருமாறு தந்தையார் அழைக்க, போர்முனைக்கு அண்மையிலிருந்த வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பினார். சில மாதங்களின் பின் மீண்டும் பணிக்குச் சென்றபோது, பிரான்சிற் பெற்ற அனுபவத்துக்கு உரிய மதிப்பளிக்கப்படாமல், புதிதாக வந்தவரைப் போலவே எளிய ஏவல் வேலைகளில் அமர்த்தப்பட்டார்.

பிரிற்றன் பயிற்சி பெற்ற தொழில்முறைத் தாதியல்லர் என்பது உண்மையே. எனினும் அவர் காட்டும் அமைப்பு தெளிவானது. மகன் போர்முனையில் இருக்கலாம், மகளோ வீட்டுக்கு அழைக்கப்படலாம் என்ற எதிர்பார்ப்பு முதலாவது. அழைப்பை ஏற்றுத் திரும்பியவள், மீண்டும் வரும்போது படியின் அடியிலிருந்தே ஏற வேண்டும் என்பது இரண்டாவது. வீட்டுக்குச் சென்றது அவளது கடமை எனப்பட்டது. சென்றதற்கான தண்டமும் அவளுக்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வேளையில் பிரித்தானிய அரசு, தொழிலை விட்டிருந்த தாதியரையும் துணைப் பணியாளரையும் உள்ளடக்கிய அணியொன்றை அமைத்தது. அதற்கு இடப்பட்ட பெயர் ‘குடிசார் தாதியர் சேமப்படை’ என்பதாகும். மார்க்சியர் ஆய்வுச் சொல்லாகக் கையாண்டதை அரசு நிர்வாகச் சொல்லாகவே கையாண்டது. மணமானோருக்குத் தடை விதித்த தொழிலொன்று, நெருக்கடி வந்ததும், மணமாகிச் சென்றோரைத் தேடியது.

போருக்குப் பின் இந்நிலை முற்றாகப் பழையபடி திரும்பவில்லை. பாடசாலை ஆசிரியைகளுக்கான மணத்தடை 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தாலும், அரசாங்க சிவில் சேவையில் இருந்த மணத்தடை 1946 இலும் நீக்கப்பட்டன. 1948 ஜூலை 5 ஆம் தேதி தேசிய சுகாதார சேவை ஆரம்பமானபோது தாதியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. மணமான பெண்களைப் பகுதிநேரத் தாதியராகச் சேர்த்தல் தவிர்க்க முடியாததாயிற்று. ஆண் தாதியருக்கு இருந்த தனிப் பதிவேடு 1949 ஆம் ஆண்டின் சட்டத்தாற் பொதுப் பதிவேட்டுடன் இணைக்கப்பட்டது.

இதே காலப்பகுதியில் மேற்கிந்தியத் தீவுகள், அயர்லாந்து, மலேசியா, மொரீசியஸ் முதலிய நாடுகளிலிருந்தும் இளம் பெண்கள் தாதியர் பயிற்சிக்குத் திரட்டப்பட்டனர். கரிபியப் பெண்களுட் பலர், பதிவுபெற்ற தாதியாவதற்கான மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பதிலாக, தரங்குறைந்த இரண்டாண்டுப் பயிற்சிக்கே திருப்பிவிடப்பட்டனர். வீட்டிலிருந்து திரும்பும் பெண், கடல்கடந்து வரும் பெண் என இரு ஊற்றுகளிலிருந்து தாதியர் உழைப்பு நிரப்பப்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்காத ஆய்வு குறைபாடுடையதாகும்.

4. சேமப்படைக் கோட்பாடும் அதன் எல்லையும்

‘மூலதனம்’ முதலாம் பாகத்தின் இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் மார்க்ஸ் சார்பு உபரிக் குடித்தொகை பற்றி ஆராய்கின்றார். மூலதனம் விரியும்போது உள்ளிழுக்கப்பட்டு, சுருங்கும்போது வெளித்தள்ளப்படும் உழைப்பாளர் தொகுதியே கைத்தொழிற் சேமப்படை. மிதக்கும் பகுதி, மறைந்துள்ள பகுதி, தேங்கிய பகுதி என அதனை அவர் வகுத்தார். கிராம விவசாய மக்களிடையே வெளித்தெரியாது இருப்போரை அவர் மறைந்துள்ள பகுதியிற் சேர்த்தார். மணமான பெண்கள் இத்தகைய சேமப்படையின் சிறப்பான ஒரு கூறாவர் என்று வெரோனிக்கா பீச்சி 1977 இல் வாதிட்டார். அவர்தம் வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதியைக் குடும்பம் தாங்கும் என்ற எடுகோள் இருப்பதால், குறைந்த ஊதியத்துக்கு அவர்களை அமர்த்தவும், வேண்டாதபோது ஓசையின்றி வீட்டுக்கு அனுப்பவும் இயலும் என்பது அவ்வாதத்தின் சாரம்.

இக்கோட்பாடு பல உண்மைகளை விளக்குகின்றது. எனினும் அதனை இயந்திரப் பாங்காகத் தாதியர் தொழிலுக்குப் பொருத்துதல் தவறாகும். 1930களின் அமெரிக்கப் பெருமந்தத்தை ஆராய்ந்த ரூத் மில்க்மன், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட தொழில்களிலிருந்து பெண்கள் எளிதில் வெளியேற்றப்படவில்லை என 1976 இற் காட்டினார். தொழிற்சந்தை பால் அடிப்படையிற் பிளவுண்டிருக்கும்போது பெண்கள் ஆண்களின் இடத்தை நிரப்பவும் இல்லை, ஆண்களுக்காக இடம்விட்டு நீங்கவும் இல்லை.

தாதியர் தொழிலுக்கே உரிய இரு சிறப்பியல்புகளையும் இங்குச் சேர்க்க வேண்டும். முதலாவது, பிரித்தானியாவிற் தாதியரை அமர்த்தும் பெருநிறுவனம் தனிமுதலாளி அன்று, அரசு. ஆகவே ஊதியத்தைத் தாழ்த்தி வைக்கும் அழுத்தம் இலாப நோக்கிலிருந்து நேராகப் பிறவாமல், அரசின் பொதுச் செலவுக் கட்டுப்பாட்டின் வழியாக வருகின்றது. இரண்டாவது, இச்சேமப்படை பயிற்சி பெற்ற சேமப்படை. நெல்லைச் சேமித்து வைப்பதுபோலத் திறனைச் சேமித்து வைக்க முடியாது. பயன்படுத்தப்படாத திறன் மங்குகின்றது. அத்துடன், வெளியே மருத்துவ அறிவு மாறிக்கொண்டே செல்கின்றது. ஆகவே சேமப்படையைப் பேணுவதற்கு ஒரு செலவு உண்டு. அச்செலவை யார் ஏற்பது என்பதே மீள்வருகை பற்றிய நடைமுறைக் கேள்வியாகும்.

5. இன்றைய ஒழுங்குமுறை

பிரித்தானியத் தாதியர் பதிவேட்டை 2002 முதல் தாதியர், மருத்துவ மாதர் சபை நிர்வகித்து வருகின்றது. ஒருமுறை பதிந்தால் ஆயுள் முழுவதும் தொடரலாம் என்றிருந்த பழைய மனோபாவம் மாறி, 1990களின் நடுப்பகுதி முதல், பதிவைத் தொடர்வதற்குத் தொடர்ந்து தொழிலாற்றியமைக்கான சான்று வேண்டப்படலாயிற்று. 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மீள் உறுதிப்பாட்டு முறையின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு தாதி 450 மணிநேரம் தொழிலாற்றியிருக்க வேண்டும். 35 மணிநேரம் தொழில்சார் கற்றலில் ஈடுபட்டிருக்க வேண்டும். அதில் 20 மணிநேரம் பிறருடன் சேர்ந்து கற்றதாக இருத்தல் வேண்டும். தமது பணி பற்றிப் பிறர் கூறிய கருத்துகளும், தாமே எழுதிய சிந்தனைக் குறிப்புகளும் இவற்றோடு சேரும்.

450 மணிநேரம் என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 37.5 மணிநேரம் முழுநேர வேலையெனக் கொண்டால், அது மூன்று ஆண்டுகளில் 12 வார வேலையாகும். ஆண்டுக்கு 150 மணிநேரம், அதாவது 7.5 மணிநேரம் கொண்ட 20 நாட்கள். நிபந்தனை கடினமானதன்று என்றே இக்கணக்குக் காட்டுகின்றது. அவ்வாறாயின் இதனை நிறைவேற்ற முடியாமற் பதிவை இழப்போர் யார்? இரண்டரை வாரத்துக்கு ஒரு நாளேனும் பிள்ளையை நம்பிக்கையுடன் விட்டுச் செல்ல இடமில்லாதோர், அந்த ஒரு நாட் சம்பளம் பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கே போதாதோர், படுக்கையிற் கிடக்கும் முதியவரை அகல முடியாதோர், தாமே நோயுற்றோர். பதிவேட்டில் நிலைப்போரையும் அதிலிருந்து விழுவோரையும் பிரிக்கும் கோடு பல வேளைகளிற் திறமையின் வழியே செல்வதில்லை. பிள்ளைப் பராமரிப்பு வசதி உள்ளோர், இல்லாதோர் என்ற கோட்டின் வழியே அது செல்கின்றது.

பதிவை இழந்தவர் திரும்புவதற்கு இரு வழிகள் உள. அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனமொன்றில் மீள்வருகைப் பயிற்சிநெறியைப் பயின்று, வகுப்பறைக் கல்வியையும் வைத்தியசாலைப் பயிற்சியையும் நிறைவுசெய்தல் ஒரு வழி. பயிற்சியின் அளவு, விலகியிருந்த காலத்தையும் முன்னனுபவத்தையும் பொறுத்து வேறுபடும். கணினிவழி வினாத்தேர்வும் செய்முறைத் தேர்வும் கொண்ட தகுதிச் சோதனையிற் தேறுதல் மற்றொரு வழி. இச்சோதனை வெளிநாடுகளிற் பயின்ற தாதியர் பிரித்தானியப் பதிவேட்டிற் சேர்வதற்கென அமைந்த சோதனையேயாகும். வீட்டிலிருந்து வருபவளும் வெளிநாட்டிலிருந்து வருபவளும் ஒரே வாயிலால் நுழைகின்றனர். மேலே குறிப்பிட்ட இரு ஊற்றுகளும் இவ்விடத்திற் கண்கூடாக ஒன்றிணைகின்றன.

இந்நிபந்தனைகளை வெறும் அதிகாரக் கெடுபிடி எனத் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளுதல் முற்போக்கு நிலைப்பாடாகாது. தாதியின் பிழை நோயாளியின் உடலிலேயே விழும். பொது வைத்தியசாலையை நாடும் நோயாளருட் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். பத்தாண்டுக் காலத்தில் மருந்துகள் மாறுகின்றன, அளவுகள் மாறுகின்றன. நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டு முறைகளும் சேலைன் செலுத்தும் கருவிகளும் மாறுகின்றன. கடதாசிக் குறிப்பேடு கணினிப் பதிவாகின்றது. விலகியிருந்தவர் இவற்றைக் கற்றேயாக வேண்டும். அதேவேளை மங்காத திறன்களும் உள. நோயாளியின் முகத்தையும் மூச்சையும் நோக்கி நிலைமையை உணர்தல், அச்சமுற்றவருடன் பேசுதல், உறவினரைக் கையாளுதல், இறப்பின் அருகே நிதானம் தவறாதிருத்தல் ஆகியன சில ஆண்டுகளில் அழிந்துவிடுவதில்லை. வீட்டில் மூப்பையும் நோயையும் பார்த்தவருக்கு இவை கூர்மையடைந்திருக்கவும் கூடும்.

மேலே தொடக்கத்திற் சுட்டிய முரண்பாடு இவ்விடத்திலேயே முழுமையாக வெளிப்படுகின்றது. ஊதியத்தைத் தீர்மானிக்கும் வேளையில், தாதியின் வேலை வீட்டுப் பராமரிப்பின் நீட்சி, பெண்ணின் இயல்பு என்று கொள்ளப்படுகின்றது. ஆகவே ஊதியம் தாழ்கின்றது. அவள் வீட்டிலிருந்து திரும்பும் வேளையில், வீட்டுப் பராமரிப்புக்கும் தாதிமைக்கும் தொடர்பேயில்லை எனக் கொள்ளப்படுகின்றது. பதிவுபெற்ற தாதி என்ற தகைமையில் ஆற்றிய பணியே மணிநேரக் கணக்கில் இடம்பெறும். தாயைப் பார்த்த ஆண்டுகள் வெற்றிடமாகவே நிற்கும். அவள் முன்னர் வகித்த பதவி தானாகத் திரும்பக் கிடைப்பதுமில்லை. இரு எடுகோள்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆயின் இரண்டும் அவளது உழைப்பின் விலையைக் குறைப்பதில் உடன்படுகின்றன. ஒரு கருத்துநிலை தருக்க ஒருமைப்பாடு இல்லாமலே நிலைத்திருக்குமாயின், அதனை நிலைக்கச் செய்யும் பொருளாதார நலனைத் தேட வேண்டும். மீள்வருகைப் பயிற்சியின் செலவை அரசு ஏற்ற காலங்களும் உண்டு. ஆயினும் பயிற்சிக் காலத்திற் பலர் இழக்கும் நேரம், பிள்ளைப் பராமரிப்புச் செலவு, போக்குவரத்து, இழந்த பதவியுயர்வு ஆகியவற்றின் பெரும்பங்கு அவர்தம் குடும்பங்களின் மீதே விழுகின்றது. சேமப்படையைப் பேணும் செலவு இவ்வாறு தனியார்மயமாகின்றது.

6. நெருக்கடி வெளிப்படுத்தியவை

2020 இற் கொரோனாப் பெருந்தொற்று இவ்வுறவுகள் அனைத்தையும் சில வாரங்களுள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நிறைவேறிய அவசரச் சட்டத்தின்கீழ்த் தாதியர், மருத்துவ மாதர் சபை தற்காலிகப் பதிவேடொன்றைத் திறந்தது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் விலகியோர் முதலில் அழைக்கப்பட்டனர். அதற்கு முன்னர் விலகியோருக்கும் அழைப்பு விரைவில் விரிவாக்கப்பட்டது. கட்டணமும் வழமையான மீள்வருகைப் பயிற்சியும் வேண்டப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர்.

நெருக்கடிக் கால ஏற்பாடு வழமையான நிலைக்கு அளவுகோலாகாது என்பது ஏற்கத்தக்கதே. எனினும் ஒரு செய்தி மறுக்கவியலாதது. விலகியிருந்தோரின் திறன் அற்றுப்போகவில்லை என்பதை அரசு தனது செயலாலேயே ஒப்புக்கொண்டது. அழைப்பின் எல்லைக்கோடு தேவையைப் பொறுத்து நகர்த்தப்பட்டது.

மார்ச் 26 முதல் வாரந்தோறும் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு மக்கள் வாசல்களில் நின்று மருத்துவ ஊழியருக்காகக் கைதட்டினர். மக்களின் நன்றியுணர்வு நேர்மையானது. அதனைப் பழித்தல் ஆகாது. ஆனால் 2021 மார்ச்சில் அரசு தேசிய சுகாதார சேவை ஊழியருக்கு ஒரு சதவீதச் சம்பள உயர்வையே முதலிற் பிரேரித்தது. தியாகம், தேவதை, வீராங்கனை ஆகிய புகழ்ச்சொற்கள் ஊதியத்தின் இடத்தை நிரப்பும் பண்பு நைற்றிங்கேல் காலத்திலிருந்தே தொடர்ந்து வருவது. 1916 இல் நிறுவப்பட்ட றோயல் தாதியர் கல்லூரி என்னும் சங்கம், 2022 டிசெம்பர் 15, 20 ஆம் தேதிகளில் வேலைநிறுத்தம் செய்தது. இங்கிலாந்தில் அச்சங்கம் அதுவரை கண்டிராத அளவிலான போராட்டம் அது. தியாகத்தின் மொழியிற் தம்மை நோக்கிப் பேசிய சமூகத்துக்குத் தாதியர் உழைப்பின் மொழியில் விடையளித்தனர் எனலாம்.

7. நம் நாட்டுடன் ஒரு தொடர்பு

பிரித்தானியா தனது விலகிய தாதியரை உரிய நிபந்தனைகளுடன் மீட்டெடுக்கத் தவறும் அளவுக்கு, அப்பற்றாக்குறை வெளிநாட்டுத் தாதியரால் நிரப்பப்படுகின்றது. அவர்தம் பயிற்சிச் செலவை ஏற்பவை பெரும்பாலும் வறிய நாடுகள். ஒரு நாட்டில் மீள்வருகை கடினமாக இருப்பதன் விலையை மற்றொரு நாட்டின் நோயாளி கொடுக்கின்றான். இலங்கையும் இத்தொடருக்கு வெளியே நிற்கவில்லை.

2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது, அரசாங்க ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையிற் செல்ல, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றி, சுற்றுநிருபமொன்று இடமளித்தது. செலவுக் குறைப்பும் அந்நியச் செலாவணித் தேவையும் அதன் பின்னணியில் இருந்தன. நம் நாட்டு அரசாங்க சேவையில் உள்ள தாய்க்குரிய பேறுகால விடுமுறையோ முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள், அரைச் சம்பளத்துடன் 84 நாட்கள், சம்பளமின்றி 84 நாட்கள் என அமைந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நீண்ட காலம் விலகியிருந்தும் சேவைத் தொடர்ச்சியைக் காப்பது நிர்வாக ரீதியில் இயலாத செயலன்று. அரசுக்கு வேண்டியபோது அது ஒரு சுற்றுநிருபத்தால் இயன்றது. அவ்வாறு வெளிநாடு சென்ற தாதியர் திரும்பி வரும்போது அவர்களை எவ்வாறு வரவேற்பது, அங்கு பெற்ற அனுபவத்தை எவ்வாறு மதிப்பது என்ற கேள்விகள் இங்கும் எழுந்தே தீரும். பிரித்தானிய அனுபவம் நமக்குப் பயன்படுவது இவ்விடத்திலேயே.

8. முடிவுரை

பெண் விடுதலைக்கு முதல் நிபந்தனை, பெண்கள் யாவரும் சமூக உற்பத்தியில் மீண்டும் ஈடுபடுதல் என்பது 1884 இல் ஏங்கெல்ஸ் கண்ட முடிபு. தாதியர் வரலாறு இம்முடிபுக்கு ஒரு விரிவுரையை வேண்டி நிற்கின்றது. சமூக உற்பத்தியினுட் புகுந்த பெண், வீட்டு உழைப்பின் நிழலையும் உடன்கொண்டே புகுகின்றாள். வீட்டு உழைப்பு சமூகப் பொறுப்பாகாத வரை அவளது வருகை தற்காலிகமானதாகவும், அவளது விலகல் எதிர்பார்க்கப்பட்டதாகவும், அவளது மீள்வருகை தண்டமுடையதாகவுமே இருக்கும்.

இதிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படும். தாதிமை கற்றுப் பெறும் திறன், கற்றது மங்கும், ஆகவே மீள்பயிற்சி வேண்டும். அப்பயிற்சி தொழிலின் ஒரு பகுதியாதலால் அது முழுச் சம்பளத்துடன் அமைய வேண்டும். விலகியிருக்கும் காலத்திலும் ஆண்டுக்குச் சில நாட்கள் பணியாற்றித் தொடர்பைப் பேணும் வாய்ப்பும், அந்நாட்களுக்குரிய பிள்ளைப் பராமரிப்பு வசதியும் வைத்தியசாலையின் பொறுப்பாதல் வேண்டும். முன்னைய சேவை மூப்பும் பதவித் தரமும் காக்கப்பட வேண்டும். வேலைமுறை மாற்ற நேரங்கள் பிள்ளையையும் முதியோரையும் உடைய மனிதரை மனங்கொண்டு வகுக்கப்பட வேண்டும். இவ்வசதிகள் ஆண் தாதியருக்கும் உரியனவாதல் இன்றியமையாதது. பராமரிப்புக்காக விலகுதல் பெண்ணுக்கே உரிய விதியாக நீடிக்கும் வரை, அவ்விலகலின் விலையைப் பெண்ணே செலுத்துவாள்.

இவை தாதியருக்கான சலுகைகள் என நோக்கப்படலாகாது. இரவு வேளையிற் பொது வைத்தியசாலை வார்ட்டொன்றில் நாற்பது நோயாளருக்கு இரு தாதியர் நிற்கும் நிலையை எண்ணிப் பார்ப்போருக்கு, பயிற்சி பெற்ற ஒரு தாதி வீட்டிலிருந்து திரும்ப முடியாதிருப்பது யாருடைய இழப்பு என்பது விளங்கும். தாதியர் சங்கங்களும் நோயாளராகிய பொதுமக்களும் ஒருமித்து எழுப்பத்தக்க கோரிக்கைகள் இவை. நம் நாட்டிற் தாதியரின் விலகல், மீள்வருகை, பதவித் தரம் ஆகியவை பற்றிய விரிவான கள ஆய்வுகள், பல்கலைக்கழகங்களின் சமூகவியல், பொருளியற் துறைகள் தாதியர் சங்கங்களுடன் இணைந்து உடனடியாக மேற்கொள்ள வேண்டியவையாகும்.